பழைய சோறு கரைத்த கை

சாந்தோம் குப்பத்தில் கட்டுமரம் ஓட்டிய மரியசெல்வத்தைப் பற்றிப் பேச்சு எடுத்தால் முதலில் அவன் கைதான் வரும். ஓங்கினால் ஆள் எழுந்திருக்க மாட்டான் என்பார்கள். மனைவி அந்தோணியம்மாளின் முன்பல் ஒன்று போனதும் அந்தக் கையால்தான்.

ஜெர்மன் சண்டை என்று ஊர் சொன்ன முதல் உலகப் போரில் பட்டாளத்துக் கூலியாட்களோடு சேர்ந்து பஸ்ராவுக்குக் கப்பலேறினான். அவன் இருந்த முகாமில் குண்டுபட்டுச் செத்தவர்களைவிட ரத்தபேதியில் செத்தவர்கள் அதிகம். பிணங்களை வண்டியில் அள்ளிப் போட்டு, வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, குழிக்குள் தள்ளுவது அவன் வேலை. ஒருநாள் அவனும் படுத்தான். கூட இருந்தவர்கள் எல்லாம் போய்ச் சேர, அவன் மட்டும் எழுந்து உட்கார்ந்தான். "நம்ப கொடலு இரும்புடா" என்று ஊர் திரும்பிய பிறகும் சொல்லிக்கொண்டிருந்தான்.

அடையாற்றங்கரையில், சண்டையில் கை கால் இழந்த சிப்பாய்களுக்காக ஒரு தர்ம இல்லம் நடந்துவந்தது. 1926இல் அங்கே அவன் சமையல்காரனாகச் சேர்ந்தான். காலையில் எல்லாருக்கும் பழைய சோறுதான். பெரிய அண்டாவில் மோரை ஊற்றி, முழங்கை வரை கைவிட்டுக் கரைப்பான்.

அவன் சேர்ந்த சில மாதங்களில் ரத்தபேதி தொடங்கியது. ஒருவர் மாற்றி ஒருவர் படுத்தார்கள். இல்லத்தின் டாக்டர் சுப்பராமன் மயிலாப்பூரிலிருந்து சைக்கிளில் வருவார். எந்த மாதம் எத்தனை பேர் விழுந்தார்கள், எந்தக் கூடத்தில், அதற்கு முந்தைய வாரம் என்ன தின்றார்கள் என்று விடாமல் கேட்டு வைத்துக்கொள்வார். வந்த நோய் தானாகக் குறைகிறதா, கூடுகிறதா என்று தெரியாமல் மருந்து கொடுத்துப் பயனில்லை என்பது அவர் கட்சி.

அப்துல் கஃபார் என்ற கிழட்டுச் சிப்பாய் செத்த அன்று மரியசெல்வம் தானே தீர்ப்பு எழுதினான். குற்றவாளி, திருவான்மியூரிலிருந்து பால் கொண்டுவரும் பக்கிரி.

"இன்னாடா கலக்குற பால்ல? குட்டைத் தண்ணியா?"

"மாட்டு மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல நைனா!"

அடுப்பிலிருந்து ஒரு சவுக்குக் கட்டையை உருவி வந்து அடித்தான். இரண்டாவது அடியில் பக்கிரியின் முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. சிந்திய பாலில் ரத்தம் ஓடியது. தாழ்வாரத்தில் இருந்த சிப்பாய்கள் உற்சாகமாகக் கத்தினார்கள். எல்லாரையும்விட உரக்கக் கத்தியவன் ஒற்றைக்கால் பீர் முஹம்மது. "போடு மச்சி! இன்னும் ஒண்ணு போடு!" என்று ஊன்றுகோலால் தரையில் தட்டினான்.

மரியசெல்வத்துக்கு மூன்று மாதம் ஜெயில். சமையலுக்கு வேறு ஆள் வந்தான். பாலுக்கும் வேறு ஆள் வந்தான். இல்லத்தில் ரத்தபேதி நின்றுபோனது.

பால்தான் காரணம் என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள். ஜெயிலிலிருந்து வந்தவனுக்கு வாசலில் மாலை போட்டார்கள். "உன் அடியிலதான்டா நாங்க பொழச்சிகினு கீறோம்" என்று பீர் முஹம்மது கட்டிப்பிடித்துக்கொண்டான். மாற்று ஆளை அனுப்பிவிட்டு மரியசெல்வம் பழையபடி அண்டாவுக்கு முன்னால் நின்றான்.

அந்த மாதமே நோய் திரும்பியது. இந்தமுறை விழுந்தவன் இனாயத். சண்டையில் இரண்டு கண்ணும் போனவன். பீர் முஹம்மதுவும் அவனும் ஒரே பட்டாளம். குண்டு விழுந்த இடத்திலிருந்து ஒருவரை ஒருவர் இழுத்து வந்தவர்கள். மரியசெல்வம் அவனுக்கு இரண்டு வேளையும் கஞ்சியைத் தன் கையாலேயே ஊட்டினான். இனாயத் படுக்கை நனைய நனைய ரத்தமாகப் போய், வற்றிச் செத்தான்.

"புதுப் பால்காரனும் திருடன்தான்" என்றார்கள் சிப்பாய்கள். மரியசெல்வம் மறுபடி கட்டையோடு கிளம்பினான். வாசலில் டாக்டர் குறுக்கே நின்றார்.

"அவன் மேலே கை வைக்காதே. நோய் பாலிலே இல்லை."

"பின்ன எதுல கீது?"

சமையலறை ஆட்கள் உட்பட எல்லாருடைய மலத்தையும் டாக்டர் கிண்டியில் இருந்த சோதனைச்சாலைக்கு அனுப்பியிருந்தார். பதில் அன்று காலையில்தான் வந்தது.

"உன் குடல்லே. பஸ்ராவிலே பிடிச்ச கிருமி இன்னும் உன்கிட்டே இருக்கு. உன்னை ஒண்ணும் பண்ணாது. கக்கூஸ் போயிட்டுக் கையைச் சரியாக் கழுவாமே நீ சோறு கரைக்கறே."

மரியசெல்வம் கட்டையை எறிந்துவிட்டு அவர் கழுத்தைப் பிடித்து வாசல் தூணோடு அழுத்தினான். டாக்டரின் கண்ணாடி விழுந்து நொறுங்கியது. முகம் கறுத்தது. மூச்சுக்குத் திணறியபடியே அவர் சொன்னார்: "நீ ஜெயிலுக்குப் போனே, நின்னுது. நீ வந்தே, அதுவும் வந்துது. நீயே யோசிச்சுப் பாரு."

கை தளர்ந்தது.

பின்னாலிருந்து ஊன்றுகோல் அவன் காதில் இறங்கியது. பீர் முஹம்மது எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருந்தான். மரியசெல்வம் பழக்கத்தில் திரும்பி ஓங்கி ஒரு குத்து விட்டான். ஒற்றைக்காலன் மல்லாக்க விழுந்தான். எழ முடியாமல் மண்ணில் கைகளை அடித்துக்கொண்டு, "இனாயத்து! இனாயத்து!" என்று அலறினான். அதைப் பார்த்ததும் மரியசெல்வம் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மற்றவர்கள் வந்து சூழ்ந்துகொண்டார்கள். கட்டை, கோல், கிடைத்த செங்கல் எல்லாம் அவன் மேல் விழுந்தன. டாக்டர் அவன் மேல் குப்புற விழுந்து மறைத்ததால் உயிர் தங்கியது. அந்தக் காது மட்டும் பிறகு கேட்கவேயில்லை.

ரத்தம் காயாத முகத்தோடு வீட்டுக்குப் போனான். அந்தோணியம்மாள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நான் சண்டையிலேந்து வந்த வருசம் நம்ப ரோசி எப்படி செத்தா?"

"இன்னா கேள்வி இது? ரத்தம் ரத்தமா பேதியாயி செத்தா."

"அவளுக்கு சோறு ஊட்டுனது யாரு?"

"நீதான். அப்பன் கையால துன்னாத்தான் எறங்கும்னுவாளே."

டாக்டர் சொன்னதை அவளிடம் சொன்னான். அவள் அவன் கையைப் பார்த்தாள். பிறகு மூலையில் சார்த்தியிருந்த துடுப்பை எடுத்தாள். இத்தனை வருஷமும் வாங்கிய அடியெல்லாம் சேர்த்து, கை ஓயும்வரை அடித்தாள். குப்பமே வாசலில் நின்று பார்த்தது. அவன் தலையைக்கூட மறைத்துக்கொள்ளவில்லை.

அவன் அதற்குப் பிறகு அடுப்பாண்டை போகவில்லை. கட்டுமரத்துக்கே திரும்பினான். மனைவிக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூட மொண்டு தரமாட்டான். மாதாமாதம் சோதனைக்கு மலம் வாங்க இல்லத்திலிருந்து ஆள் வந்தபோது, முதல் தடவை டப்பாவை வந்தவன் முகத்திலேயே வீசித் துரத்தினான். அடுத்த மாதம் தானே டப்பாவைத் தூக்கிக்கொண்டு அடையாறு வரைக்கும் நடந்தான். வாசலில் பீர் முஹம்மது உட்கார்ந்திருந்தான். கிட்டே வரும்வரை காத்திருந்து முகத்தில் காறித் துப்பினான். மரியசெல்வம் துடைத்துக்கொண்டு உள்ளே போனான். இது மாதாமாதம் நடந்தது.

"போன மாசம் யாருக்குனா வந்துதா டாக்டரய்யா?"

"ஒருத்தருக்கும் இல்லை."

அதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடுவான். கை கோணிப்போன பக்கிரியிடம் மட்டும் அவன் கடைசிவரை போகவில்லை. திருவான்மியூர்ச் சாலையில் மாட்டோடு பக்கிரி வருவது தெரிந்தால், மணலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போவான்.

சில வருஷங்கள் கழித்து, மேலும் மேலும் சோதித்ததில் கிருமி இல்லை என்று கிண்டியிலிருந்து சொன்னார்கள். "இனிமே டப்பா வேண்டாம். வேணும்னா சமையலுக்குக்கூட வரலாம்" என்றார் டாக்டர்.

"கிட்ட வந்தான்னா கொன்னுடுவேன்!" என்று வாசலிலிருந்து பீர் முஹம்மது கத்தினான்.

"பீர் முஹம்மது சொல்றதுதான் சரி" என்றான் மரியசெல்வம். அடுத்த மாதமும் டப்பாவோடு வந்து நின்றான்.