புளி போட்டு விளக்கிய டிராம்போன்

இருபது வருடங்களுக்கு முன், லண்டனின் கோலியர்ஸ் வுட் பகுதியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவரைப் பராமரிக்கும் வேலை எனக்கு. ஒரு காலத்தில் சுவிங் என்ற ஆட்ட இசைக்குழு நடத்தி, டிராம்போன் ஊதி ஊரையே ஆடவைத்தவர். அவருடைய பிறந்தநாளுக்கு அந்தப் பித்தளை வாத்தியத்தை மினுக்கிக் கொடுக்க நினைத்தேன்.

"புளி போட்டுத் தேயுங்கோ, குத்துவிளக்கு மாதிரி வரும்," என்றாள் மனைவி. வீட்டில் ஒரு கோப்பைகூடக் கழுவாத நான், ஒரு மணி நேரம் தேய்த்தேன். அதன்மேல் இருந்த கறுப்பு மைக் கிறுக்கல்களையும் விடாமல் அழித்தேன்.

கிழவர் தடவிப் பார்த்தார். "இதில் இருந்தது என் குழுக்காரர் போட்ட கையெழுத்து. எல்லாரும் போய்விட்டார்கள். எனக்குப் பெயர்கள் மறந்துபோகும், இதைப் பார்த்துத்தான் சொல்வேன்," என்றவர் பேனாவை நீட்டினார். "தினமும் தூசி தட்டினாயே, ஒரு பெயராவது எழுது."

அந்தப் பெயர்களை நான் ஒருநாளும் வாசித்ததில்லை. பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தேன்.

இப்போதும் யாராவது என் வேலை சுத்தம் என்று புகழ்ந்தால், நான் அழித்த அந்தப் பெயர்கள்தான் நினைவுக்கு வரும்.