கேட் மூடியாச்சு சார்

ஆயிரம் பொய்யைச் சட்டப்படி எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். ரயில் பாதுகாப்புத் துறையில் முப்பத்தோரு வருடம் அரசு வக்கீல். இப்போது ஓய்வு; பொய்க்கும் சேர்த்துத்தான். இது நடந்தது. நம்பாதவர்கள் இன்றைக்கு விளக்கை அணைத்துவிட்டுப் படுத்துக் காட்டுங்கள்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. எதையும் படிக்காமலே கையெழுத்துப் போடுவேன். என் பேனா ஓடுகிற வேகத்தை எந்த எக்ஸ்பிரஸும் தொட்டதில்லை.

அன்று மேஜைமேல் ஒரு விபத்து ஃபைல். லெவல் கிராசிங்கில், மதியம் 3.19க்கு, ரயில் ஒரு லாரியை அடித்துத் தூக்கியிருந்தது. கேட் சுக்குநூறு. கேட் கீப்பரும் போய்விட்டார். கேட் மூடியிருந்ததா, திறந்திருந்ததா... சொல்ல ஆளில்லை. கேட்டை மூடியதும் அவர் ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போனில் ஒரு ரகசிய நம்பர் சொல்ல வேண்டும்; ஒவ்வொரு தடவையும் பட்டியலில் அடுத்த நம்பர். எந்த நம்பரும் வரவில்லை என்று ஸ்டேஷன் மாஸ்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆக, பழி செத்தவர் மேல். நான் கையெழுத்துப் போட்டால் அவர் குடும்பத்துக்குப் பென்ஷனும் கிடையாது.

காலையில் அவர் மனைவி வந்திருந்தார்.

"கேட்டை மூடாம அவர் தண்ணிகூடக் குடிக்க மாட்டார் சார். ஒரே ஒரு தடவை இடத்தைப் பாத்துட்டுப் போடுங்க."

பேனாவைத் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். உட்கார முடியவில்லை. கிளம்பிவிட்டேன்.

என் டிரைவருக்கு ஆபீசில் 'ஆமை' என்று பேர்.

"பகல்ல போறோம், நல்லது," என்றான்.

"ராத்திரின்னா?"

"ராத்திரின்னா நான் லீவு சார்."

மதியம் 2.50. கேட் அறை. ஒரு ஸ்டூல். ஆணியில் ஒரு பச்சைக் கொடி. மூலையில் கறுப்பு டெலிபோன். எல்லாவற்றின் மேலும் விரல் கனத்துக்குப் புழுதி... டெலிபோன் மேல் மட்டும் இல்லை.

ஆமை ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.

3.10. தண்டவாளம் 'ங்ங்ங்' என்று அதிர்ந்தது. ரயில் எதுவும் வரவில்லை.

3.17. டிரிங்...

எடுத்தேன். காற்றிரைச்சல். பிறகு மூச்சு வாங்கும் ஒரு குரல்.

"கேட் மூடியாச்சு சார். நம்பர் எழுதிக்குங்க. அறுபத்தி மூணு."

"யாருப்பா அது?"

"போன தடவை நீங்க எழுதல சார்..."

ஃபைல் அட்டையில் எழுதினேன். கைதான் எழுதியது. நான் இல்லை.

"எழுதிட்டீங்களா..."

குரல் இப்போது போனில் இல்லை.

என் முதுகுக்குப் பின்னால்.

ரிசீவரைக் கீழே போட்டுவிட்டு ஓடினேன். அந்த ஓட்டத்துக்கு என் துறையே வேகத்தடை போட்டிருக்கும்.

மறுநாள் தலைமை அலுவலகத்தில் அந்த கேட்டின் ரகசிய நம்பர் பட்டியலின் நகலை எடுத்தோம். அரக்கு வைத்த கவர், யாரும் பிரிக்காதது. ஸ்டேஷன் பதிவேட்டில் விபத்துக்கு முன் கடைசியாக இருந்தது 18. பட்டியலில் பதினெட்டுக்கு அடுத்தது...

63.

ஸ்டேஷன் மாஸ்டரைக் கூப்பிட்டு அந்த ஒரு எண்ணை மட்டும் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது.

"சொன்னார் சார். அரைத் தூக்கத்துல இருந்தேன்... எழுதல. அப்புறம் பயந்துட்டேன்."

கேட் மூடித்தான் இருந்திருக்கிறது. லாரிதான் உடைத்துக்கொண்டு வந்திருக்கிறது. புது அறிக்கை எழுதினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக, மூன்று முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். அந்த அம்மாவுக்குப் பென்ஷன் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். சும்மா இருக்காமல் சாட்சிப் பொருள் கிளார்க்கைக் கூப்பிட்டேன்.

"அந்த கேட் ரூம் போனையும் எடுத்துட்டு வந்துடுங்க."

"அங்க ஏது சார் போன்? நாப்பது நாளா நம்ம பீரோலதான் இருக்கு. நாலாவது அயிட்டம். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க?"

பட்டியலைப் பார்த்தேன். என் கையெழுத்துதான். படிக்காமல் போட்டது.

பீரோவில் வைத்த முத்திரை அப்படியே இருந்தது. உடைத்துத் திறந்தோம்.

டெலிபோன் இருந்தது.

ரிசீவர் மட்டும்... கீழே கிடந்தது.

நான் போட்டுவிட்டு ஓடிய மாதிரியே.