ஒரு சாண் தூரம்

கோல்ஃபில் இரண்டு பேர் நேருக்கு நேர் மோதும் ஆட்டத்தில் ஒரு மரியாதை உண்டு. எதிராளியின் பந்து குழிக்கு மிக அருகில் வந்து நின்றுவிட்டால், "எடுத்துக்கோங்க" என்று சொல்லிவிடலாம். தட்டாமலே விழுந்ததாகக் கணக்கு. ஒரு சாண் தூரத்தை யார்தான் தவறவிடுவார்கள் என்ற பெருந்தன்மை.

அந்தப் பெருந்தன்மை ராயப்பேட்டை அக்காவிடம் மருந்துக்கும் கிடையாது. தோல் வியாபாரக் குடும்பத்து மருமகள். தலையில் முக்காடு, அதன்மேல் தொப்பி. என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். பெங்களூரு, கொல்கத்தா, ஊட்டி என்று போய் ஆடி நான் வாங்கிய கோப்பைகள் ஷோகேஸ் கொள்ளாமல் கிடக்கின்றன. சொந்த ஊர்க் கோப்பை மட்டும் இல்லை. ஒவ்வொரு இறுதி ஆட்டத்திலும் எதிரே அக்காதான். என் பந்து குழியை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாலும், எனக்கு வலது பக்கம் பின்னால் தள்ளி நின்றுகொண்டு, "போடும்மா. போட்டுட்டு எடு" என்பார். தவறவிட்டும் இருக்கிறேன். ஆட்டம் முடிந்ததும் அவரே டப்பாவைத் திறந்து பேரீச்சம்பழம் நீட்டுவார். கோபத்தோடு வாங்கித் தின்பேன்.

போன ஜூலையில் தூக்கத்திலேயே போய்விட்டார். அவர் வீட்டில் பெண்களோடு உட்கார்ந்து அழுதேன். மைதானத்தில் எல்லோரும், "இனிமே கோப்பை உங்களுக்குத்தான்" என்றார்கள். எனக்கு வயது ஐம்பத்தாறு, இடுப்பு மக்கர் பண்ண ஆரம்பித்திருந்தது. இந்த முறை விட்டால் அப்புறம் இல்லை என்று எனக்கே தெரியும்.

இறுதி ஆட்டத்தைப் போகியன்று காலையில் வைத்த புண்ணியவான் யாரோ. மயிலாப்பூரிலிருந்து கிண்டி போகும்வரை வழியெல்லாம் புகை. எங்கள் மைதானம் குதிரைகள் ஓடும் பாதைக்கு நடுவே இருக்கிறது. அன்று ஒரு குதிரையும் கண்ணில் படவில்லை. குளம்புச் சத்தம் மட்டும் எங்களைச் சுற்றிச் சுற்றி வந்தது. எதிரே ஆடியவள் ஒரு கல்லூரிப் பெண், என்னை ஆன்ட்டி என்பாள். முதல் குழியில் பந்தைத் தட்டக் குனிந்தபோதே முதுகு சில்லிட்டது. வலது பக்கம் பின்னால் யாரோ நிற்கிறார்கள். திரும்பினேன். புல்லும் புகையும்தான். என் மட்டைப் பையைச் சுமந்து வருபவர் கொடிக்கம்பைப் பிடித்தபடி முன்னால் நின்றிருந்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு குழியிலும் அப்படித்தான். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் திரும்பிப் பார்ப்பதை நிறுத்த முடியவில்லை.

கடைசிக் குழிக்கு வரும்போது இருவரும் சமம். குறைந்த ஷாட்டில் முடிக்கிறவருக்குக் கோப்பை. அந்தப் பெண் ஐந்து ஷாட்டில் முடித்துவிட்டு மறுகோடியில் போய் நின்றாள். மூன்றாவது ஷாட்டிலேயே என் பந்து குழிக்கு ஒரு சாண் தூரத்துக்கு வந்துவிட்டது. அவள் வாயைத் திறக்கவில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன், கோப்பை அல்லவா. குனிந்தேன்.

"எடுத்துக்கோம்மா."

வலது பக்கம், பின்னால். தெளிவாகக் கேட்டது. யோசிக்காமல் பந்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

"ஆன்ட்டி, நான் ஒண்ணும் சொல்லலியே!" என்றாள் அந்தப் பெண். பைக்காரரைப் பார்த்தேன். "நான் வாயே தொறக்கல மேடம். இன்னா ஆச்சு?" என்றார். குளம்புச் சத்தமும் நின்றுபோயிருந்தது.

நடுவர் நல்ல மனிதர். "இவங்க சொன்னதா நினைச்சு எடுத்திருந்தா தப்பில்ல மேடம். திரும்ப வெச்சுத் தட்டலாம். அப்படித்தானே நினைச்சீங்க?" என்று கேட்டார். தலையாட்டினால் போதும். "அப்படித்தான் சார் இருக்கும்" என்று அந்தப் பெண்ணே எனக்காகப் பேசினாள்.

"இல்ல சார். இந்தப் பொண்ணு குரல் இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றேன்.

தண்டனையாக என் கணக்கில் ஒரு ஷாட் கூடியது. பந்தைத் திரும்ப வைத்துத் தட்டினேன், விழுந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். ஐந்துக்கு ஐந்து சமமாகிவிட, இன்னொரு குழி ஆட வேண்டியதாயிற்று. அதில் தோற்றேன். அங்கே எனக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. அதுவும் நன்றாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "செத்தும் உன்னை ஜெயிக்க விடலை பாரு அவ" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ஒரு தலையாட்டல்தானேடி, ஆட்டித் தொலைச்சிருக்கலாமே" என்றார்.

ஆட்டியிருக்கலாம். அந்தக் குரலை நினைத்தால் இப்போதும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் உயிரோடு இருந்தவரை அரைச் சாண்கூட விட்டுக்கொடுக்காத அக்கா, ஒரே ஒரு முறை கொடுத்தார். அதை வேறு யாரோ கொடுத்ததாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.