நாலு மணிக்கு வந்த விடை

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எங்கள் பேட்ச்சுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. தினமும் காலையில் யாராவது ஒருவர் ஓர் இசிஜி படம் போடுவார். ‘ஆண், ஐம்பத்தைந்து வயது, நெஞ்சுவலி. இது என்ன?’ அவ்வளவுதான் எழுத வேண்டும். நாலு மணிக்கு முன்னால் யாரும் விடை போடக் கூடாது. எந்த அவசரக்குடுக்கையாவது போட்டால் குழுவிலிருந்த பேராசிரியர் எல்லார் முன்னாலும் காய்ச்சி எடுப்பார். இசிஜி பற்றி எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சமும் அங்கே படித்ததுதான்.

அப்போது பாகூர் பக்கம் ஒரு சுகாதார நிலையத்தில் எனக்கு வேலை. ஒருநாள் காலை அங்கிருந்த பெரிய டாக்டர் மீட்டிங்குக்குப் போயிருந்தார். கரும்பு வெட்டப் போன புருஷனைப் பாதியில் அழைத்து வந்தார் ஓர் அம்மா.

“நெஞ்ச இன்னாமோ பிசையுதுன்றாரு டாக்டரம்மா.”

இசிஜி எடுத்தேன். ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. மாரடைப்புதானா என்று தெரியவில்லை. பெரிய டாக்டருக்குப் போன் போட்டால் ‘இதுகூடத் தெரியாதா?’ என்பாரே என்று பயம். அறிவுகெட்டவள், குழுவில் படத்தைப் போட்டேன். ஆள் என் எதிரே படுத்திருக்கிறார், எனக்குப் புரியவில்லை என்று எழுத வெட்கம். கை பழக்கத்தில் வயதையும் வலியையும் எழுதி, ‘இது என்ன?’ என்று முடித்தேன்.

“பெரிய டாக்டருங்கள கேட்டிருக்கேன்மா, இப்ப சொல்லிடுவாங்க” என்றேன் அந்த அம்மாவிடம்.

நாலைந்து கட்டைவிரல்கள் வந்தன. ஒருத்தி, ‘சூப்பர் கேஸ்டி’ என்றாள். எல்லாரும் அதை அன்றைய கேள்வி என்று நினைத்துவிட்டார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை, பாவி. பெரிதாக இருந்தால் யாராவது கத்தியிருப்பார்களே என்று வாயுவுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்தேன்.

இரண்டு மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டியது. அப்படியே நினைவு போயிற்று. நானும் நர்சும் மாறி மாறி நெஞ்சை அழுத்தினோம். ஆம்புலன்ஸ் வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

நாலு மணிக்கு என் போன் விடாமல் அதிர்ந்தது. மாரடைப்பு, மாரடைப்பு, உடனே அனுப்ப வேண்டும். ஒருவர்கூடத் தப்பாகச் சொல்லவில்லை.

பெஞ்சில் புருஷனின் துண்டோடு உட்கார்ந்திருந்த அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

“காலைல கேட்டியே டாக்டரம்மா, அவங்களா? இன்னா சொல்றாங்க?”

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வரவில்லை.

“வந்ததுமே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கணுமாம், அம்மா” என்றேன்.