இரண்டாவது ஆழ்துளைக் கிணறு

மாமாவின் முகமெல்லாம் சாம்பல் நிறச் சேறு. ஆழ்துளை போடும் ரிக் வண்டியோடு போயிருந்த ஆப்பிரிக்கப் புல்வெளி ஒன்றிலிருந்து காணொளி அழைப்பில் சிரித்த அந்த முகத்தை, திருச்செங்கோட்டு வீட்டில் நாங்கள் சூழ்ந்து நின்று பார்த்தோம். "தண்ணி பீச்சுதுங்க அக்கா! இனிமேல் சிங்கமெல்லாம் நம்மூரு ரிக்கு போட்ட தண்ணியத்தான் குடிக்கோணும்" என்றார். "நீ கிட்டப் போயி ஊத்திக் குடுத்துட்டு நிக்காத சாமி" என்றாள் அம்மா.

சிங்கங்களைக் காக்கப் பல நாடுகள் சேர்ந்து வகுத்த திட்டம் அது. சரணாலயத்துக்குள் விலங்குகளுக்கு ஒரு கிணறு, எல்லைக்கு வெளியே மாடு மேய்ப்பவர்களுக்கு ஒன்று. வெளியே தண்ணீர் இருந்தால் மாடுகள் ஆற்றைத் தேடி உள்ளே போகமாட்டா. சிங்கத்திடம் மாட்டைப் பறிகொடுத்தவர் செத்த மாட்டின் உடலில் நஞ்சு தடவிச் சிங்கத்துக்கு வைக்கவும் நேராது. இந்த நியாயத்தைச் சொன்னவர்கள் திட்டம் தீட்டியவர்களே.

முதல் கிணற்றில் தண்ணீர் வந்ததும் விருந்தினர்கள் கொடிகளோடு வந்து படம் எடுத்துக்கொண்டார்கள். மறுநாள் மாமா ரிக் வண்டியை இரண்டாவது பாயிண்டுக்கு, அதாவது துளையிடக் குறித்த இடத்துக்கு, ஓட்டிச் சென்று தேங்காய் உடைத்துப் பூசை போட்டார். மேய்ப்பர் வீட்டுப் பெண்கள் கேன்களோடு வந்து காத்திருந்தார்கள். அப்போதுதான் அலுவலர் ஒருவர் வந்தார். நிதி விலங்குகளுக்கு மட்டும் என்று முடிவாகிவிட்டது, வண்டியை எடுங்கள் என்றார். பூசை போட்ட பாயிண்டில் துளை இறக்காமல் எங்கள் ஊர் ரிக் நகராது. மாமா துளையிட எஞ்சினைக் கிளப்பினார், அலுவலரின் ஆட்கள் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள். "அந்தப் பொம்பளைங்க மூஞ்சியப் பாக்க முடியலீங்க அக்கா. சாமி கும்புட்டுப்போட்டு ஓடி வந்தவனாயிட்டேன்" என்று அன்று அவர் அழுதார்.

அடுத்த வறட்சியில் ஒரு பெண் சிங்கமும் அதன் குட்டிகளும் நஞ்சுண்டு செத்தன. மேய்ப்பர் ஒருவர் சிறைக்குப் போனார். நாடுகளின் கூட்டமைப்பு ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தது. மேய்ப்பர்களின் அறியாமையைப் போக்க வகுப்புகள் நடத்தப்போவதாகவும் அறிவித்தது. அறியாமை! சொற்களை நிறுத்துப் பார்க்கும் படிப்பைப் படிக்கிறேன். அந்த இடத்தில் அந்தச் சொல்லை எழுதிய கையை என்னால் மன்னிக்க முடியவில்லை. தாகத்துக்குப் பாடம் நடத்த ஒன்றுகூடியவர்களால் ஒரு துளையிட ஒன்றுகூட முடியவில்லை.

மாமா இப்போது சேந்தமங்கலம் பக்கம் ரிக் ஓட்டுகிறார். போன வாரம், ஆப்பிரிக்காவில் அவரோடு வேலை செய்த ஒருவர் படம் ஒன்றை அனுப்பியிருந்தார். மாடு மிதித்துவிடாதபடி அந்த இரண்டாவது பாயிண்டைச் சுற்றி மேய்ப்பர்கள் முள்வேலி கட்டியிருந்தார்கள். மாமா படத்தை விரலால் பெரிதாக்கினார்.

"முள்ளு பச்சையா இருக்குது பாரு சாமி" என்றார். "இப்பத்தான் மாத்திக் கட்டியிருக்கறாங்க."