ஒரே வடிவில் இரண்டு எழுத்துகள்

லண்டன் ஸ்ட்ரெதமில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு கம்போடியப் பெண்மணி இருக்கிறார். இங்குள்ள கம்போடியர் சங்கத்தின் இணையதளத்தில், இறந்தவர்களின் பெயர்களை அவர்கள் மொழியான கெமரின் எழுத்தில் நான்தான் பதிந்து கொடுத்தேன். அவருடைய தாயாரின் பெயரும் அதில் இருந்தது. அவரும் திரையில் பார்த்துச் சரி என்றார்.

பிறகு ஒருநாள் அழுதுகொண்டு வந்தார். பாரிசில் இருக்கும் தம்பி அந்தத் தளத்தில் தேடியபோது அம்மாவின் பெயர் வரவில்லையாம். "அம்மாவை மறந்துவிட்டாய்" என்று பேச்சையே நிறுத்திவிட்டாராம்.

தேடிப் பார்த்தேன். கெமரில் 'ட', 'த' ஆகிய இரண்டும் இன்னோர் எழுத்தின் கீழே வரும்போது ஒரே வடிவம்தான். கணினிக்கு மட்டும் அவை வேறு வேறு குறியீடுகள். அம்மாவின் பெயரில் நான் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் பதிந்திருந்தேன்.

உடனே திருத்தினேன். என் மனைவி விடவில்லை. "பிழை உங்கட. அவவின்ர தம்பிக்கு நீங்களே சொல்லுங்கோ."

"ஓம், சொல்லுறன்."

தம்பியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னேன். கேட்டுவிட்டு அவர், "அக்கா அழுதாரா?" என்றார்.

"அழுதார்" என்றேன்.

அன்றே அக்காவை அழைத்துப் பேசினார். மறுநாள் வாசலில் கண்டபோது அந்தப் பெண்மணி, "நானும் கவனித்திருக்க வேண்டும்" என்றார். எனக்குக் கூசியது. எவ்வளவு கவனித்திருந்தாலும் அவர் கண்ணுக்கு அது தெரிந்திருக்காது.