ஒரே நாளில் இரண்டு வீட்டில் பால் காய்ச்சினேன்: திண்டிவனத்திலிருந்து விழுப்புரத்துக்கு

என் பேத்தி புது ஊருக்கு வேலைக்குப் போகிறாள். வாடகைக்குப் பார்க்கிற ஃப்ளாட்டுகளின் படங்களை எனக்கும் அனுப்புகிறாள். நீச்சல் குளம் இருக்கிறது, லிஃப்ட் இருக்கிறது, குளியலறைக்குக் கண்ணாடிக் கதவு இருக்கிறது. "தரை என்ன தரை?" என்று கேட்டேன். "அத யாரு ஆயா பாக்குறா?" என்றாள். நான் பார்ப்பேன். ஏன் பார்ப்பேன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். புது ஊரில் நல்ல வீடாகத் தேடிப் போகிறவர்களுக்கு உதவும். என் படிப்பு ஐந்தாவதோடு நின்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், விஷயத்தில் பிழை இருக்காது.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆனி மாதக் கடைசி. தனியார் பஸ் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்த என் வீட்டுக்காரரை ஃபோர்மேன் ஆக்கி விழுப்புரம் ஷெட்டுக்குப் போகச் சொன்னார்கள். சம்பளமும் ஏறியது. அதுவரை திண்டிவனத்தில் லைன் வீட்டில் குடியிருந்தோம். வரிசையாக ஏழு குடித்தனம், எல்லோருக்கும் ஒரு குழாய், ஒரே குளியலறை. அந்தக் கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ஒரு கையால் கதவைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் ஊற்ற வேண்டும். இரண்டு சொம்பு ஊற்றுவதற்குள் வெளியிலிருந்து சத்தம் வரும், "ஜல்தி வாம்மே, உள்ள என்னா தூங்கிக்கினு கீறியா?" என்று. கல்யாணமாகி ஒன்பது வருஷம் அப்படித்தான் குளித்தேன். இனி போகிற ஊரில் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக் குளிக்கிற வீடு வேண்டும் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். அவரும், "ஃபோர்மேன் பொண்டாட்டி நீ. மெட்ராஸ்காரங்க இருக்கிற மாதிரி வீடாவே பாத்துடலாம்" என்றார்.

இரண்டு பிள்ளைகளையும் என் தங்கை வீட்டில் விட்டுவிட்டுக் காலை ஏழு மணிப் பஸ் பிடித்தோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் நாற்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி என்று நின்று நின்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் ஒயர் கூடையில் திரி ஸ்டவ், பால் பாத்திரம், என் கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டம்ளர்கள் நான்கு. டம்ளர்களில் 'அஞ்சலை' என்று என் பெயரைப் பொறித்திருப்பார்கள். கண்டக்டர் கூடையை எட்டிப் பார்த்தார்.

"இன்னாக்கா, பஸ்லயே சமையலா?"

"வீடு பாக்கப் போறோம்."

"வீட்டயே இன்னும் பாக்கல, அதுக்குள்ள ஸ்டவ்வா? ஃபோர்மேன் சார், உங்க வீட்ல ரொம்ப ஃபாஸ்ட்டு!"

என் வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாக இல்லை. இரண்டு நாளில் ஆடி பிறக்கிறது. ஆடியில் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டோம். ஆனியிலேயே காய்ச்சி ஒரு விளக்கு ஏற்றிவிட்டால், சாமான்களை எப்போது வேண்டுமானாலும் கொண்டுபோய் இறக்கலாம். கையோடு காய்ச்சாவிட்டால் இன்னும் ஒரு மாதம் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு குளிக்க வேண்டும். அதனால்தான் கூடை.

விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் புரோக்கர் கன்னியப்பன் சைக்கிளோடு நின்றிருந்தார். முதலில் காட்டிய வீட்டில் பின்பக்கமே சாக்கடை. இரண்டாவதில் மேலே ஆஸ்பெஸ்டாஸ், அந்த வெயிலில் உள்ளே நிற்க முடியவில்லை. மூன்றாவதாகக் கிழக்குப் பாண்டி ரோட்டுப் பக்கம் ஒரு புதுத் தெருவுக்குக் கூட்டிப் போனார். கீழே வீட்டுக்காரர்கள், மேலே வாடகைக்கு விடுகிற போர்ஷன். வாடகை நானூறு ரூபாய், அட்வான்ஸ் இரண்டாயிரம். அந்தக் காலத்துக்குப் பெரிய தொகை.

"மெட்ராஸ் மாடல்க்கா. பாத்தா எறங்கி வர மாட்டீங்க" என்றார் கன்னியப்பன்.

செருப்பைக் கழற்றிவிட்டுப் படியேறினேன். ஹாலில் பாதம் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன். மொசைக் தரை. வெள்ளையில் பச்சைப் பொட்டும் கறுப்புப் பொட்டுமாக, ஈரமே இல்லாமல் குளிர்ந்து கிடந்தது. வெளியே அவ்வளவு வெயில், உள்ளே கால் வழியாகக் குளிர்ச்சி ஏறுகிறது. சமையலறையில் நின்றபடி சமைக்கிற மேடை. முகம் கழுவ வாஷ்பேசின். முன்னால் ஒரு பால்கனி. கடைசியாகக் குளியலறைக் கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டேன். குழாயைத் திறந்ததும் மேல் தொட்டித் தண்ணீர் கொட்டியது. மூடிவிட்டு நின்றேன். யாராவது தட்டுவார்கள் என்று காது காத்துக்கொண்டே இருந்தது. யாரும் தட்டவில்லை. வெளியே வந்தபோது அவர் என் முகத்தைப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து அட்வான்ஸை எடுத்தார்.

பணத்தைக் கீழே வீட்டுக்கார அம்மாவிடம் கொடுத்தோம். என் வயதுதான் இருக்கும், நல்ல சிரித்த முகம். "பசங்க எத்தன? எந்த ஸ்கூல்ல சேக்கப் போறீங்க?" என்றெல்லாம் கேட்டார்.

"சொந்த ஊரு எதும்மா?"

"வானூர் பக்கங்க."

"அங்க எந்தப் பக்கம்?"

எதற்குக் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். நான் எங்கேயும் மறைத்ததில்லை. "காலனிங்க" என்றேன்.

"ஓ… சரி சரி. நல்லா இருங்க" என்றார். சிரிப்பு அப்படியேதான் இருந்தது. மாடிக்குப் போகும்போது என் வீட்டுக்காரர் கன்னியப்பனைக் கேட்டார், "ஒண்ணும் பிரச்சன இல்லயே?" என்று. "டவுன்ல அதெல்லாம் யாரு சார் பாக்குறாங்க?" என்றார் கன்னியப்பன்.

தெருமுனைக் கடையில் பால் வாங்கி வந்து, மேடையில் ஸ்டவ்வை வைத்துக் காய்ச்சினேன். கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. முதல் டம்ளரை வீட்டுக்காரர்களுக்குக் கொடுப்பதுதான் முறை. சர்க்கரை போட்டுக் கீழே கொண்டுபோய் நீட்டினேன். "அங்க வெச்சிட்டுப் போம்மா, அப்புறம் குடிக்கிறேன்" என்று வாசல்படியைக் காட்டினார். வைத்துவிட்டு மேலே வந்தேன். பால்கனியில் நின்று தெருவைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. நின்றேன். நேர் கீழே அந்த அம்மா வெளியே வந்தார். புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு டம்ளரைப் பிடித்தார். பாலைச் செம்பருத்திச் செடிக்கு ஊற்றினார். டம்ளரைப் படியிலேயே கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போனார்.

டம்ளரை எடுக்க இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அவர் வாசலுக்கு வந்தார். மேலிருந்து நான் பார்த்திருப்பேன் என்று புரிந்துகொண்டார் போலிருக்கிறது.

"தப்பா எடுத்துக்காதம்மா. எனக்கு ஒண்ணும் இல்ல, எங்க மாமியாருதான் பாப்பாங்க. நீங்க தாராளமா இருங்க. பின்னாடி ஒரு படி கட்டச் சொல்றேன், அந்த வழியா ஏறிக்குங்க. கெணத்துப் பக்கம் மட்டும் வர வேணாம்."

நான் டம்ளரை எடுத்துக்கொண்டேன். மேலே போய் என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன்.

"நீ ஆசப்பட்ட வீடு. பின்படி ஏறுனா என்னா, கொறஞ்சா பூடுவோம்? நீ சொல்லு. நீ என்னா சொல்றியோ அதான்."

அந்தக் கதவும் தாழ்ப்பாளும் தெரிகிற இடத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். மூன்று டம்ளரில் பால் ஊற்றி அவருக்கும் கன்னியப்பனுக்கும் கொடுத்து, நானும் தரையில் உட்கார்ந்து மெதுவாகக் குடித்தேன். உள்ளங்கையைத் தரையில் பரப்பி வைத்திருந்தேன். குடித்து முடிந்ததும் டம்ளர்களைக் கழுவிக் கூடையில் வைத்துவிட்டு எழுந்தேன்.

"பசங்க அந்தப் பின்படியில ஏறக் கூடாதுங்க. வாங்க போவலாம்."

கன்னியப்பன் பதறினார். "அக்கா! பால் காய்ச்சின வீட்ட வுட்டுட்டுப் போவக் கூடாதுக்கா."

"காய்ச்சின பால நாம குடிச்சிட்டோம். வீடு அவங்களுது, அவங்களே வெச்சிக்கினு இருக்கட்டும்."

அட்வான்ஸ் அப்படியே திரும்பி வந்தது. அந்த அம்மா பணத்தைத் திண்ணை ஓரத்தில் வைத்தார். நான் எடுக்கவில்லை, கையில் கொடுக்கட்டும் என்று நின்றேன். அவர் என் முகத்தையும் பணத்தையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் எடுத்துக் கையில் கொடுத்தார்.

பொழுது சாய்வதற்குள் கன்னியப்பன் ரயில்வே லைன் பக்கம் ஓர் ஓட்டு வீடு பிடித்தார். வாடகை நூற்றைம்பது. சிமெண்ட் தரை, அதிலும் அங்கங்கே பெயர்ந்திருந்தது. குழாய் வெளியே, குளியலறைக்குத் தகரக் கதவு. மறுபடி பால் வாங்கி, அதே ஸ்டவ்வில் காய்ச்சி, அதே டம்ளரில் பக்கத்து வீட்டு பாயம்மாவுக்குக் கொண்டுபோனேன். பாத்திரம் தேய்த்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே மடமடவென்று குடித்தார். குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"என்னாம்மா, சர்க்கர போட மறந்துட்டியா? ஒரே சப்புனு கீது. இரு, நான் போடுறேன்" என்று உள்ளே போய்ச் சர்க்கரை டப்பாவோடு வந்தார். அந்த வீட்டில் பதினோரு வருஷம் இருந்தோம். வந்த வாரமே தகரக் கதவுக்கு என் வீட்டுக்காரர் தாழ்ப்பாள் அடித்துக் கொடுத்தார்.

வீடு தேடிப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உச்சி வெயிலில் போய்ப் பாருங்கள், அப்போதுதான் வீட்டின் சூடு தெரியும். எல்லாக் குழாயையும் திறந்து பாருங்கள். தாழ்ப்பாளை உள்ளே இருந்து போட்டுப் பாருங்கள். எல்லாம் பிடித்திருந்தால், அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் வீட்டுக்காரர்களிடம் குடிக்க ஒரு வாய்த் தண்ணீர் கேளுங்கள். எந்தப் பாத்திரத்தில் வருகிறது, கையில் தருகிறார்களா, கீழே வைக்கிறார்களா என்று பாருங்கள். பேத்திக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். அவள் சிரிக்கவில்லை.

அப்புறம் எத்தனையோ வீடு பார்த்தாயிற்று. சொந்த வீடும் கட்டினோம். ஆனாலும் விழுப்புரம் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் பாதம் கூசுகிறது. அந்த வீட்டை விட்டு வந்ததில் எனக்கு ஒரு நாளும் வருத்தம் இல்லை. அந்தத் தரை மட்டும் வேண்டும் போல இருக்கிறது, இன்றைக்கும்.